பழைய மக் கோப்புகளின் ரிசோர்ஸ் ஃபோர்க்கைக் கட்டளைவரியில் திறந்து திருத்துவது எப்படி?

கோண்டாவில்காரன் எழுதியது:

வணக்கம். எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் ஒரு பெட்டி பிளொப்பிகளும் ஒரு சீடியும் இருக்கின்றன. ரொறன்ரோவில் வாழ்ந்த எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் தொண்ணூறுகளில் தொகுத்த ஊர்ச்சொல் அகராதி அது. பனைத் தொழில், தோட்டம், கடல், கிணறு என்று பிரித்து, ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழில் விளக்கமும் ஆங்கிலத்தில் பொருளும் எழுதியிருக்கிறார். ஒரு சிறு பகுதி மட்டும் புத்தகமாக வந்தது. மற்றதெல்லாம் இதற்குள்தான். அவர் இப்போது உயிருடன் இல்லை.

என்னிடம் உபுண்டு (லினக்ஸ்) போட்ட மடிக்கணினி இருக்கிறது. சீடியைப் போட்டால் நிறையச் சின்னச் சின்னக் கோப்புகள் தெரிகின்றன. திறந்தால் தமிழும் ஆங்கிலமும் ஒன்றாகக் கலந்து எல்லாம் ஆங்கில எழுத்தாகவே வருகிறது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துருவான பாமினியை யூனிகோடாக்கும் மாற்றியில் போட்டேன். ஓரளவு தமிழ் வருகிறது, ஆனால் ஆங்கிலப் பொருளும் சேர்ந்து தமிழ் எழுத்துக் குப்பையாகிவிடுகிறது. எழுத்துருக் கோப்பும் விசைப்பலகைக் கோப்பும் 0 பைட் என்று காட்டுகின்றன. ஒரு கணினிக் கடையில் கேட்டதற்கு, அவை வெறும் கோப்புகள், அழித்துவிடலாம் என்றார்கள். எனக்கு மனம் வரவில்லை. இதற்கு வழி உண்டா?

பழையமக் எழுதியது:

தம்பி, எதையும் அழிக்க வேண்டாம். அந்த 0 பைட் கோப்புகளில்தான் உங்களுக்கு வேண்டியது இருக்கிறது.

1984இல் வந்த முதல் மக்கின்டொஷிலிருந்தே அதன் கோப்புக்கு இரண்டு பகுதிகள். ஒன்று டேட்டா ஃபோர்க், மற்றது ரிசோர்ஸ் ஃபோர்க். விண்டோஸும் லினக்ஸும் சாதாரணமாகப் பார்ப்பது டேட்டா ஃபோர்க்கை மட்டும். பழைய மக் எழுத்துருவில் அந்தப் பகுதி காலியாக இருக்கும். எழுத்து வடிவம், அளவு, பெயர், எண் எல்லாம் ரிசோர்ஸ் ஃபோர்க்கில் இருக்கும். அதனால்தான் 0 பைட் என்று காட்டுகிறது.

ரிசோர்ஸ் ஃபோர்க்குக்குள் ஒவ்வொரு துண்டுக்கும் நாலெழுத்து வகைப்பெயரும் ஓர் எண்ணும் உண்டு. எழுத்துருக் குடும்பம் ஃபொண்ட் என்ற வகை, ட்ரூடைப் வடிவம் எஸ்எஃப்என்டி, விசைப்பலகை கேசிஎச்ஆர். இவற்றைச் சொற்களாக எழுதிக்காட்டும் கட்டளை டீரெஸ். எழுதியதைத் திரும்ப ரிசோர்ஸாகத் தொகுப்பது ரெஸ். இரண்டும் அப்பிளின் பழைய நிரலாக்கக் கருவித்தொகுப்பான எம்பிடபிள்யூ காலத்தவை, பிறகு அதன் புதிய தொகுப்பான எக்ஸ்கோடுடன் வந்தன. எக்ஸ்கோட் 6 முதல் கைவிடப்படும் பட்டியலில் போட்டுவிட்டார்கள், ஆனால் அதற்குப் பிறகும் கட்டளைவரிக் கருவிப் பொதியில் கிடைத்தன.

ஒரு கேள்வி: அந்தச் சின்னக் கோப்புகள் எந்த மென்பொருளில் எழுதப்பட்டவை? ஒவ்வொன்றும் 32 கிலோபைட்டுக்குள் இருக்கிறதா?

கோண்டாவில்காரன் எழுதியது:

ஓம் அண்ணை, ஒன்றுகூட 32ஐத் தாண்டவில்லை. ஒரே பிரிவைப் பல கோப்புகளாக உடைத்து வைத்திருக்கிறார். எந்த மென்பொருள் என்று தெரியவில்லை.

பழையமக் எழுதியது:

அப்படியானால் அது மக்கோடு வந்த எளிய உரை எழுதி, சிம்பிள்டெக்ஸ்ட். அதற்கு 32 கிலோபைட் எல்லை இருந்தது. உங்கள் ஆங்கிலம், தமிழ் கலப்புக்கு விடையும் இங்கேயே இருக்கிறது.

சிம்பிள்டெக்ஸ்ட் எழுத்துகளை டேட்டா ஃபோர்க்கில் வெறும் பைட்டுகளாக வைக்கும். எந்த இடத்தில் எந்த எழுத்துரு, எந்த அளவு, தடிப்பா சாய்வா என்பதை ரிசோர்ஸ் ஃபோர்க்கில் ஸ்டைல் என்ற வகையில், 128ஆம் எண்ணில் வைக்கும். பாமினி போன்ற எழுத்துருவில் தமிழ் என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றுதான் கோப்பில் கிடக்கும். அது தமிழா ஆங்கிலமா என்று அந்தப் பைட்டுகளைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. எழுத்துரு எண் மட்டுமே சொல்லும். ரிசோர்ஸ் ஃபோர்க் தொலைந்தால் அகராதியின் ஒவ்வொரு பதிவையும் மனிதர் வாசித்துத்தான் பிரிக்க வேண்டும்.

ஸ்டைலின் அமைப்பு எளிது. முதல் 2 பைட் எத்தனை துண்டுகள் என்ற எண்ணிக்கை. பிறகு துண்டுக்கு 20 பைட்: தொடங்கும் இடம் 4, வரி உயரம் 2, மேலுயரம் 2, எழுத்துரு எண் 2, தடிப்பு சாய்வுக்கு 2, அளவு 2, நிறம் 6. ஆகவே ஒவ்வொரு துண்டிலும் 9ஆவது, 10ஆவது பைட்டுதான் நமக்கு வேண்டும். டைம்ஸ் எழுத்துருவின் எண் 20, ஹெல்வெடிகா 21, ஜெனீவா 3. இவை வந்தால் ஆங்கிலம். வேறு எண் வந்தால் அது பெரும்பாலும் உங்கள் தமிழ் எழுத்துரு.

சுன்னாகம்_லினக்ஸ் எழுதியது:

உபுண்டுவில் எடுக்கும் வழியை நான் சொல்கிறேன். சீடியிலிருந்து இழுத்துப் போட்டால் டேட்டா ஃபோர்க் மட்டும்தான் வரும். முதலில் டிடி கட்டளையால் முழுச் சீடியையும் ஒரே படிமக் கோப்பாக எடுங்கள். பிறகு பழைய மக் டிஸ்க்குகளை வாசிக்கும் எச்எஃப்எஸ்யூட்டில்ஸ் பொதியை நிறுவி, எச்மவுண்ட் கட்டளையால் அந்தப் படிமத்தைத் திறவுங்கள். எச்கொப்பி கட்டளைக்கு எம் என்ற சுவிட்ச் கொடுத்தால் மக்பைனரி வடிவில் இரண்டு ஃபோர்க்கும் ஒரே கோப்பாக வரும். டி சுவிட்ச் கொடுக்க வேண்டாம், அது உரைக்கானது, வரிமுடிவுகளை மாற்றிவிடும்.

மக்பைனரியைப் பிரிப்பது கடினமில்லை. முதல் 128 பைட் தலைப்பு. அதில் 83ஆம் இடத்திலிருந்து 4 பைட் டேட்டா ஃபோர்க்கின் நீளம், 87இலிருந்து 4 பைட் ரிசோர்ஸ் ஃபோர்க்கின் நீளம் (0இலிருந்து எண்ணுகிறேன்). டேட்டா ஃபோர்க் 128இன் மடங்குக்கு நிரப்பப்பட்டிருக்கும், அதன் பிறகு ரிசோர்ஸ் ஃபோர்க். எண்கள் எல்லாவற்றிலும் பெரிய பைட் முன்னால் வரும். பைதானில் பத்துப் பன்னிரண்டு வரி போதும்.

அப்பிள் கணினி இல்லாவிட்டாலும் கவலை இல்லை. பைதானுக்கு மக்ரிசோர்சஸ் என்ற பொதி இருக்கிறது. அதில் சிம்பிள்டீரெஸ், சிம்பிள்ரெஸ் என்று அதே வேலையைச் செய்யும் இரண்டு கட்டளைகள். பார்ப்பதற்கு மட்டும் என்றால் ஆர்எஸ்ஆர்சிஃபோர்க் என்ற பொதியும் நல்லது.

பிளொப்பிகளுக்கு ஒரு எச்சரிக்கை. 1.44 எம்பி என்றால் சாதாரண யூஎஸ்பி டிரைவே வாசிக்கும். 800 கே மக் டிஸ்க் என்றால் வாசிக்காது, ஏனென்றால் அதன் பதிவு முறையே வேறு, டிஸ்க் சுழலும் வேகமும் தடத்துக்குத் தடம் மாறும். அதற்குக் கிரீஸ்வீசில் போல காந்தச் சைகையை நேரடியாகப் பதியும் பலகை வேண்டும். பூஞ்சணம் பிடித்த டிஸ்க்கை டிரைவில் போட வேண்டாம். டிரைவின் தலையும் கெட்டுவிடும், அடுத்த டிஸ்க்கும் கெட்டுவிடும்.

ஆவணக்காரி எழுதியது:

சுன்னாகம் தம்பி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். படிமம் எடுத்த உடனேயே அதற்கு ஷா256 கூட்டு (கோப்பு மாறவில்லை என்று பின்னால் சரிபார்க்கும் எண்) எடுத்து எழுதி வையுங்கள், படிமக் கோப்பை வாசிக்க மட்டும் என்று மாற்றிவிடுங்கள். மற்ற எல்லா வேலையும் பிரதியில்.

வெளிநாட்டிலிருந்து யாராவது இதே கோப்புகளை மக்கில் சிப் செய்து அனுப்பினால், உள்ளே இரண்டு அடிக்கோடுகளுடன் மக்ஓஎஸ்எக்ஸ் என்று ஒரு அடைவு வரும், அதற்குள் புள்ளியும் அடிக்கோடும் முன்னால் கொண்ட கோப்புகள் இருக்கும். பென் டிரைவிலும் அப்படி வரும். எங்கள் பக்கத்தில் பலர் அதைக் குப்பை என்று முதல் வேலையாக அழிக்கிறார்கள். அதுதான் அப்பிள்டபிள் என்ற கோப்பு வடிவம், ரிசோர்ஸ் ஃபோர்க் அதற்குள்தான் பயணம் செய்கிறது. தமிழ் ஆவணங்களை இணையத்தில் பேணும் நூலகம் நிறுவனம் போன்ற இடங்களுக்கு டிஜிட்டல் ஆவணம் கொடுப்பவர்களும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஒரு மலரின் பிடிஎஃப் கிடைத்தால் வாசிக்கலாம். மூலக் கோப்பு இரண்டு ஃபோர்க்குடனும் கிடைத்தால் தேடலாம், சொல்லடைவு செய்யலாம், திருத்திப் புதுப் பதிப்பே போடலாம்.

கோண்டாவில்காரன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. சீடியிலிருந்து முழுதும் எடுத்துவிட்டேன். எழுத்துருக் கோப்பு இப்போது வெறுமையாக இல்லை. சிம்பிள்டீரெஸ் போட்டதும் உள்ளே இருப்பதெல்லாம் திரையில் எழுத்தாக விரிந்தது, பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. ஃபொண்டின் எண் 1045.

இப்போது ஒரு சிக்கல். ஆவணக் கோப்புகளின் ஸ்டைலைப் பார்த்தால், பாதிக் கோப்புகளில் தமிழ்ப் பகுதிக்கு 1045 வருகிறது, மற்றப் பாதியில் 2080 வருகிறது. அந்த எண்ணில் சீடியில் எழுத்துருவே இல்லை. பழைய மக்கைப் போல இயங்கும் பசிலிஸ்க் எமுலேட்டரில் திறந்தால் இரண்டாவது பாதி ஆங்கில எழுத்தாகவே தெரிகிறது. அச்சான புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு எமுலேட்டரில் சரியாகத் தெரிய வேண்டும். எல்லாக் கோப்பிலும் 2080ஐ 1045 ஆக்கிவிடலாமா? பைட்டுகளை நேரடியாகத் திருத்தும் ஹெக்ஸ் எடிட்டரில் செய்வதா, அப்பிளின் பழைய ரிசோர்ஸ் திருத்தியான ரெஸ்எடிட்டில் செய்வதா?

பழையமக் எழுதியது:

அது ஒரே எழுத்துருவாகத்தான் இருக்கும். அந்தக் காலத்தில் ஃபொன்ட் டிஏ மூவர் என்ற அப்பிள் கருவியில் எழுத்துருவை நிறுவும்போது, அந்த எண்ணில் வேறொன்று ஏற்கெனவே இருந்தால் அது தானாகவே புது எண் கொடுத்துவிடும். பெரியவர் இரண்டு கணினிகளில் வேலை செய்திருப்பார், அல்லது இடையில் புதுக் கணினி வாங்கியிருப்பார். இரண்டு எண்ணுள்ள கோப்புகளின் கீழ்ப்பாதிப் பைட்டுகளை (127 வரையானவை) ஒப்பிட்டால் உறுதியாகும்.

ரெஸ்எடிட் ஒன்றிரண்டு கோப்புக்கு அருமையான கருவி. விசைப்பலகை ரிசோர்ஸைத் திறந்தால் விசைப் படத்தையே வரைந்து காட்டும். ஆனால் இத்தனை கோப்புக்கு ஒவ்வொன்றாகத் திறந்து மாற்றினால் எதை மாற்றினோம் என்பதற்குத் தடயமே இருக்காது.

தட்டெழுத்து எழுதியது:

ஏன் இவ்வளவு? டீரெஸ் போட்டு எழுத்தாக்கி, 0820 (2080இன் ஹெக்ஸ்) வருமிடமெல்லாம் 0415 என்று, தேடி மாற்றும் செட் கட்டளையால் மாற்றி, ரெஸ் போட்டால் முடிந்தது. ஒரு ஃபோர் லூப் போதும்.

பழையமக் எழுதியது:

வேண்டாம் தம்பி. 0820 என்பது எழுத்துரு எண்ணாக மட்டும் வராது. ஆவணத்தின் 2080ஆவது எழுத்தில் ஒரு துண்டு தொடங்கினால், தொடங்கும் இடத்திலும் அதே இரண்டு பைட் வரும். அதை மாற்றினால் தமிழ் எங்கே முடிந்து ஆங்கிலம் எங்கே தொடங்குகிறது என்பதே இடம் மாறிவிடும், ஒரு பிழைச்செய்தியும் வராது. டீரெஸ் வரிக்கு 16 பைட் எழுதும், ஸ்டைல் துண்டு 20 பைட். ஆகவே கண்ணால் பார்த்தும் நிரையாகப் பிடிக்க முடியாது. மாற்றுவதென்றால் முதல் 2 பைட்டைத் தள்ளி, இருபது இருபதாக எண்ணி, 9ஆவது, 10ஆவது பைட்டை மட்டும் மாற்றும் சிறு நிரல் எழுத வேண்டும்.

ஆவணக்காரி எழுதியது:

எனக்கு இந்தத் திசையிலேயே உடன்பாடு இல்லை. ஏன் ஆவணங்களைத் தொட வேண்டும்? அந்த எண், எந்தக் கோப்பு எந்தக் கணினியில் எழுதப்பட்டது என்பதற்கு இப்போது இருக்கும் ஒரே சான்று. அகராதியின் எந்தப் பகுதி முதலில் தொகுக்கப்பட்டது, எது பின்னால் சேர்ந்தது என்று நாளைக்கு ஒருவர் ஆராய வந்தால் அவருக்கு அது வேண்டும்.

எழுத்துருவின் பிரதியொன்றில் எண்ணை மாற்றுங்கள். ஒரே ஒரு கோப்பு. ஆவணங்கள் இருந்தபடியே இருக்கட்டும்.

பழையமக் எழுதியது:

தங்கச்சி சொல்வதுதான் சரி. நானும் அதையே ஆதரிக்கிறேன். எப்படிச் செய்வது என்று சொல்கிறேன், ஏனென்றால் இதில் ஒரு நுணுக்கம் உண்டு.

எழுத்துருக் கோப்பின் ரிசோர்ஸ் ஃபோர்க்கை டீரெஸ் செய்யுங்கள். ஃபொண்ட் துண்டின் தலைவரியில் அடைப்புக்குள் 1045 என்று எண்ணும் பக்கத்தில் மேற்கோளில் பெயரும் இருக்கும். எண்ணை 2080 ஆக்குங்கள். அத்தோடு விட வேண்டாம். ஃபொண்டின் உள்ளேயும் 3ஆவது, 4ஆவது பைட்டில் அதே குடும்ப எண் இருக்கிறது. அங்கே 0415ஐ 0820 ஆக்க வேண்டும். வெளியெண்ணும் உள்ளெண்ணும் ஒத்துவராத எழுத்துரு சில மென்பொருளில் தெரியும், சிலவற்றில் தெரியாது, காரணம் கண்டுபிடிக்க முடியாமல் நாட்கள் போகும். எஸ்எஃப்என்டி துண்டின் எண்ணைத் தொட வேண்டாம். ஃபொண்டுக்குள் இருக்கும் அட்டவணை அதைத்தான் சுட்டுகிறது. பெயரையும் சற்று மாற்றிவிடுங்கள், எது பிரதி என்று தெரியும்.

பிறகு ரெஸ். அப்பிளின் ரெஸ் என்றால் யூஸ்டிஎஃப் சுவிட்ச் கொடுத்து டேட்டா ஃபோர்க்கில் எழுத வைக்கலாம், லினக்ஸுக்கும் மக்குக்கும் இடையே கொண்டுபோக அது வசதி.

இதை ஹெக்ஸ் எடிட்டரில் செய்யக் கூடாது என்பதற்குக் காரணம் பெயர்தான். எண்ணை மாற்றினால் நீளம் மாறாது, எப்படியாவது சமாளிக்கலாம். பெயர் ஓரெழுத்து நீண்டால் அதன் முன்னால் இருக்கும் நீள பைட், பெயர்ப் பட்டியலில் அடுத்தடுத்த பெயர்களின் இடக்குறிப்பு, ரிசோர்ஸ் வரைபடத்தின் (துண்டுகளின் இடப்பட்டியல்) மொத்த நீளம், தலைப்பில் உள்ள நீளம் என்று எல்லாம் மாற வேண்டும். ரெஸ் இவற்றையெல்லாம் தானே கணக்கிட்டுக்கொள்ளும்.

சுன்னாகம்_லினக்ஸ் எழுதியது:

சோதிக்கும் முறை: திருத்தாத கோப்பையே முதலில் டீரெஸ், ரெஸ், மறுபடி டீரெஸ் என்று ஒரு சுற்று ஓட விடுங்கள். முதல் எழுத்துப் பிரதியையும் இரண்டாவதையும், வித்தியாசத்தைக் காட்டும் டிஃப் கட்டளையில் போடுங்கள். வித்தியாசம் எதுவும் வரக் கூடாது. ரிசோர்ஸ் ஃபோர்க்கின் பைட்டுகளை நேரடியாக ஒப்பிட்டுப் பயப்பட வேண்டாம், அவை மாறலாம். தலைப்புக்கும் 256ஆம் பைட்டுக்கும் இடையே ஒதுக்கிய இடத்தில் பழைய எச்சங்கள் இருக்கும், துண்டுகளின் ஒழுங்கும் மாறும். எழுத்துப் பிரதி ஒத்திருந்தால் போதும். அப்புறம் திருத்தத்தைச் செய்து மறுபடி டிஃப் பாருங்கள். நீங்கள் மாற்றிய வரிகள் மட்டும் வர வேண்டும்.

வடலி எழுதியது:

இடையில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். என்னிடம் விண்டோஸ் 3.1 காலத்துத் தமிழ்ச் சொற்செயலி ஒன்றின் இஎக்ஸ்இ இருக்கிறது. அதன் மெனுவை யூனிகோட் தமிழாக மாற்ற இதே வழி உண்டா?

சுன்னாகம்_லினக்ஸ் எழுதியது:

பார்ப்பதற்கு ஐகோயூட்டில்ஸ் பொதியின் ரெஸ்ட்டூல் இருக்கிறது, அது 16 பிட் கோப்பையும் திறக்கும். ஆனால் 16 பிட் ரிசோர்ஸில் யூனிகோட் இல்லை, எழுத்துக்கு ஒரு பைட்தான். 32 பிட் நிரல் என்றால் சொற்கள் யூடிஎஃப் 16இல் இருக்கும், 16 சொல் கொண்ட கட்டுகளாக. அங்கே சொற்களை எடுத்துப் பார்க்க வின்ட்ரெஸ் உதவும். மொழி எண் கேட்கும் இடத்தில் இலங்கைத் தமிழுக்கு 2121, இந்தியத் தமிழுக்கு 1097. உங்களுடையதற்குத் தனி இழை தொடங்குங்கள், அங்கே விரிவாகக் கதைப்போம்.

கோண்டாவில்காரன் எழுதியது:

அண்ணை, அக்கா, எண் மாற்றிய எழுத்துரு வேலை செய்கிறது! பழைய எழுத்துருவை எடுத்துவிட்டு இதை மட்டும் போட்டு எமுலேட்டரை மறுபடி தொடங்கினேன். இரண்டாவது பாதிக் கோப்புகள் அப்படியே தமிழில் தெரிகின்றன. துலா, பட்டை, கடகம், பறி என்று வரிசையாகப் பார்த்தபோது வாசிகசாலையில் இருந்த பெரியவர்கள் எல்லாரும் மடிக்கணினியைச் சுற்றி வந்துவிட்டார்கள்.

யூனிகோடுக்கு மாற்றுவதில் இரண்டு இடம் இடிக்கிறது. ஒன்று, கீழ்ப்பாதி பாமினி மாதிரியே இருந்தாலும் 127க்கு மேற்பட்ட எழுத்துகள் தவறாக வருகின்றன. இரண்டு, சில சொற்களில் கொம்பு தனியே தொங்குகிறது.

பழையமக் எழுதியது:

முதலாவது: ஃபொண்டின் எண் 16384க்குக் கீழே இருப்பதால் மக் அந்த எழுத்துருவை ரோமன் (ஆங்கில வகை எழுத்து) என்றே நினைக்கும். ஆகவே 127க்கு மேலே அப்பிளின் பழைய எழுத்தெண் முறையான மக்ரோமன் ஒழுங்கு. இணையத்தில் உள்ள பாமினி மாற்றிகள் விண்டோஸ் 1252 ஒழுங்கை எதிர்பார்க்கின்றன. மேலே இரண்டு புள்ளியுள்ள பெரிய ஏ மக்ரோமனில் 128, விண்டோஸில் 196. புள்ளியுள்ள சிறிய வை மக்கில் 216, விண்டோஸில் 255. இதையெல்லாம் ஊகிக்க வேண்டாம். கேசிஎச்ஆர் ரிசோர்ஸைத் திறவுங்கள். 2 பைட் பதிப்பு எண், 256 பைட் மாற்றுவிசை அட்டவணை, 2 பைட் எண்ணிக்கை, அதன் பிறகு 128 பைட் கொண்ட விசை அட்டவணைகள். எந்த விசை எந்தப் பைட்டை எழுதியது என்று அதுவே சொல்லும். எழுத்துருவில் அந்தப் பைட்டின் வடிவத்தைப் பார்த்து உங்கள் மாற்று அட்டவணையை எழுதுங்கள்.

இரண்டாவது: இந்த எழுத்துருக்களில் கொம்பு கண்ணால் பார்க்கும் ஒழுங்கில் மெய்க்கு முன்னால் சேமிக்கப்பட்டிருக்கும். யூனிகோடில் பின்னால் வர வேண்டும். மாற்றி அதைச் செய்யும், ஆனால் நீங்கள் ஸ்டைல் துண்டு துண்டாக மாற்றுகிறீர்கள். பெரியவர் சொல்லின் நடுவில் தடிப்பையோ அளவையோ மாற்றியிருந்தால், கொம்பு ஒரு துண்டின் கடைசியிலும் மெய் அடுத்த துண்டின் தொடக்கத்திலும் போய்விடும். அடுத்தடுத்து வரும் தமிழ்த் துண்டுகளை, 1045 ஆனாலும் 2080 ஆனாலும், முதலில் ஒன்றாகச் சேர்த்துவிட்டுப் பிறகு மாற்றுங்கள். தடிப்பு வேண்டுமென்றால் அதன் இடத்தைத் தனியாகக் குறித்து வைத்து, மாற்றிய பின் போடுங்கள்.

கோண்டாவில்காரன் எழுதியது:

துண்டுகளைச் சேர்த்து ஓட விட்டேன், தொங்கிய கொம்புகள் போய்விட்டன. கேசிஎச்ஆரில் ஆப்ஷன் விசைக்குரிய அட்டவணையில் ஙகர வரிசையும் சில கிரந்த எழுத்துகளும் இருக்கின்றன, அவற்றைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். மாற்று அட்டவணை முடிந்ததும் இங்கேயே போடுகிறேன். இதே எழுத்துருவில் எழுதிய கோப்பு வேறு யாரிடமாவது இருக்கக்கூடும்.

பிளொப்பிகளில் சில 800 கே என்று எழுதியிருக்கிறது. கிரீஸ்வீசில் பலகை யாழ்ப்பாணத்தில் யாரிடமாவது உண்டா?

சுன்னாகம்_லினக்ஸ் எழுதியது:

என்னிடம் இருக்கிறது. பழைய பிசி டிரைவ் ஒன்றோடு பொருத்தி வைத்திருக்கிறேன். டிஸ்க்குகளைத் துடைக்காமல், ஒன்றோடொன்று உரசாமல், அப்படியே கொண்டுவாருங்கள். பூஞ்சணம் இருப்பதையும் இல்லாததையும் வேறு வேறு பெட்டியில் போடுங்கள். காலையில் வந்தால் மின்வெட்டுக்கு முன் தொடங்கிவிடலாம்.

ஆவணக்காரி எழுதியது:

டிஸ்க் ஒட்டியில் பெரியவர் கையால் எழுதியதையும் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள் தம்பி, படிமக் கோப்புக்கு அதே பெயரை வையுங்கள். திருத்திய எழுத்துருவின் டீரெஸ் எழுத்துப் பிரதியையும் திருத்தாததையும் என் மின்னஞ்சலுக்கு அனுப்பினால், படிமங்களோடு சேர்த்து நான் இன்னொரு இடத்தில் வைக்கிறேன்.